மேட்டு ஸ்டுபேனிக்குப் போகும் வண்டி

"நவம்பர் ஒண்ணாம் தேதியிலிருந்து மேட்டு ஸ்டுபேனி உன் பட்டியல்ல கிடையாது" என்று கொஸ்தின் மேடம் சொன்னபோது அக்ஸேனியா இன்னும் நாற்காலியில்கூட உட்கார்ந்திருக்கவில்லை. ஆகஸ்ட் மாத வெயிலில் பஸ்ஸைப் பிடித்து டவுனுக்கு வந்த களைப்பு அப்படியே உடம்பில் இருந்தது.

அக்ஸேனியாவின் வேலை தனியாகக் கிடக்கும் வயசாளிகளைக் கவனித்துக்கொள்வது. ரொட்டி வாங்கித் தருவாள், மாத்திரை எடுத்து வைப்பாள், விறகு பிளப்பாள், புண்ணுக்குக் கட்டுப் போடுவாள், நகம் வெட்டிவிடுவாள். கீழே ஸ்டுபேனி கிராமத்தில் ஆறு பேர். மலைமேல் ஆறு கிலோமீட்டர் தள்ளி மேட்டு ஸ்டுபேனியில் மூன்று பேர். அங்கே மொத்தமே பதினோரு வீடுகளில்தான் புகை வரும். மற்ற வீட்டுக்காரர்கள் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் இருந்தார்கள். அங்கே போகிற பஸ் நின்று நான்கு வருஷமாகிறது. வாரத்தில் மூன்று நாள் அவள் நடந்தே போய் நடந்தே வந்தாள்.

"மூணு பேருக்காக நாள் பூரா நடந்துக்கிட்டிருக்க. கீழ ஆறு பேரு காத்துக் கிடக்காங்க" என்றார் மேடம். அந்த மாவட்டத்து முதியோர் பிரிவுக்கு அவர்தான் தலைவி. கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது; எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிவைக்க நினைப்பவர். "அந்த மூணு பேரையும் டவுன் விடுதிக்கு மாத்திடலாம். சூடான அறை, மூணு வேளை சாப்பாடு. என்ன குறைச்சல்?"

"அவங்களக் கேட்டீங்களா மேடம்?"

"கேட்டா என்ன சொல்வாங்க? வயசானவங்க எப்பவும் மாட்டேன்னுதான் சொல்வாங்க."

"அப்ப மாட்டேன்னுதானே அர்த்தம்?"

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "அக்ஸேனியா, உனக்கு நாப்பத்தொம்பது வயசாகுது. எத்தன நாளைக்கு மலை ஏறுவ?"

"நடந்து போறதாலதானே நேரம் ஆகுது? இனிமே நடக்காமப் போறேன்."

"எப்படி, பறந்தா?"

"அது என் பாடு. அந்த மூணு பேரையும் பட்டியல்ல வைங்க."

இதைச் சொல்லிவிட்டு வெளியே வந்தபோது எப்படிப் போகப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். வழியெல்லாம் சின்னச் சின்ன சீன மோட்டார் சைக்கிள்கள் பஸ்ஸைக் கடந்து போயின. பின்னால் சோளக்கதிர் மூட்டை, புல்லுக்கட்டு, சில சமயம் கால் கட்டிய ஆடு. ஸ்டுபேனியில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டு முற்றத்தில் அப்படி ஒரு வண்டி நின்றது. திராட்சைத் தோட்டத்துக்குப் போகிற ஆம்பளைகள் எல்லோரும் அதில்தான் போனார்கள். பொம்பளைகள் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து போவார்கள். ஓட்டுகிற பொம்பளை ஒருத்திகூட இல்லை. ஏன் இல்லை என்று அன்றைக்கு வரைக்கும் அக்ஸேனியாவும் யோசித்ததில்லை.

செவஸ்தியான் என்பவன் ஜெர்மனியில் இறைச்சிக் கூடத்தில் வேலை கிடைத்துக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவன் வண்டி கோழிக்கூண்டுக்குள் சாய்ந்து கிடந்தது. சீட்டின் மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. டேங்குக்கு அவனே சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தான். கம்பெனிப் பெயர்கூட அதில் மறைந்துவிட்டது.

"அஞ்சாயிரம் லெய்" என்றான்.

"கோழியோட சேர்த்தா?"

"அக்கா, நல்ல வண்டி அக்கா. ரெண்டு வருஷம் ஓட்டல, அவ்வளவுதான். யாருக்கு, உங்க தம்பிக்கா?"

"எனக்கு."

செவஸ்தியான் சிரித்தான். உள்ளே இருந்த அவன் பெண்டாட்டியைக் கூப்பிட்டுச் சொல்லி மறுபடியும் சிரித்தான். "அக்கா, இது தையல் மெஷின் இல்ல."

அக்ஸேனியா பதினான்கு வருஷம் டவுன் தையல் ஆலையில் வேலை பார்த்தவள். "தையல் மெஷின்ல ஒரு நாளைக்கு நூறு தடவ நூல் அறும்டா. இதுல நூலே கிடையாதே. மூவாயிரமும், போன வருஷத்து ஒயின் ஒரு சின்னப் பீப்பாயும் தர்றேன். வேணும்னா சொல்லு, இல்லாட்டி கோழிக்கே வித்துக்க."

ஒயின் என்றதும் அவன் ஒப்புக்கொண்டான்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வர வாய்க்கால் ஓரமாக ஒரு சந்து இருந்தது. யாரும் பார்க்காமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவள் அப்படிப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கோவில் பூசை முடிந்து ஊரே வெளியே வருகிற நேரம். பெரிய தெருவின் நடுவிலேயே தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அக்ஸேனியா, ஆட்டுக்குப் பதிலா அத மேய்க்கப் போறியா?" என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்.

"உன் புருஷனையும் சேத்து ஓட்டி வா, ரெண்டையும் ஒண்ணா மேய்க்கலாம்."

தம்பி நிக்கானோர் கோவில் வாசலிலேயே முகம் சிவந்து நின்றான். மத்தியானம் வீட்டுக்கு வந்தான். "அக்கா, என்ன இது? புருஷன் மாஸ்கோவுல இன்னொருத்தியோட இருக்கறதுக்கே ஊர் பேசுது. இதுக்கும் பேசணுமா?"

"அதப் பேசிப் பேசி அவங்களுக்கும் சலிச்சுப்போச்சுடா. புதுசா ஒண்ணு குடுத்திருக்கேன்."

ஊர் மெக்கானிக் பம்ஃபில். அவன் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அவன் இரண்டு தடவை கிக்கரை உதைத்தான். காதை வைத்துக் கேட்டான். தலையை ஆட்டினான்.

"பிஸ்டன் போச்சு. இரும்புக்குத்தான் ஆகும். பாவம், நீ காசு போட்டுட்ட. வேணா இரும்பு விலைக்கு நானே எடுத்துக்கறேன்."

"திறந்து பாக்காம எப்படித் தெரியும்?"

"டாக்டருக்கு மூஞ்சியப் பாத்தாலே தெரியும்."

"வயித்து வலிக்காரன் மூஞ்சியப் பாத்துட்டுக் கால வெட்டற டாக்டரா நீங்க?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பினாள். உடைந்து போனதை ஒருத்தன் ஏன் விலைக்கு வாங்கப் பார்க்கிறான் என்ற கேள்வி வீட்டுக்கு வருகிற வரைக்கும் அவளை விடவில்லை.

திராட்சை அறுவடைக்கு விரிக்கிற தார்ப்பாயை முற்றத்தில் விரித்தாள். ஒவ்வொரு நட்டைக் கழற்றும் முன்பும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். கழற்றியதைக் கழற்றிய வரிசையிலேயே தார்ப்பாயில் வைத்தாள். இணையத்தில் ஒரு தாடிக்காரன் ரஷ்ய மொழியில் இதே மாதிரி வண்டியைப் பிரித்துக் காட்டினான். அவன் வேகமாகப் பேசுகிற இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள்.

காற்று வடிகட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. டேங்கைக் கவிழ்த்தால் துரு செதில் செதிலாகக் கொட்டியது. வீட்டில் புளித்துப்போன ஒயின் காடியை அதில் ஊற்றி, பழைய சங்கிலித் துண்டு ஒன்றைப் போட்டு, இரண்டு கையாலும் தூக்கிக் குலுக்கினாள். மூன்று நாள், காலையில் அரைமணி, சாயங்காலம் அரைமணி. தோள் இற்றுப்போனது. கார்புரேட்டரைத் திறந்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் கூழ். சின்னத் துளைகளை ஒற்றைச் செம்புக் கம்பியால் குத்திக் குத்தித் திறந்தாள். பிரேக் ஷூ தேய்ந்து தகடாகியிருந்தது. கிளட்ச் கேபிள் துருப்பிடித்து அசையவே இல்லை.

சனிக்கிழமைச் சந்தையில் உதிரி பாகம் விற்கிறவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "புருஷன அனுப்பும்மா. தப்பாச் சொல்லித் தப்பா வாங்கிட்டுப் போய்த் திருப்பிக் கொண்டாருவீங்க."

"புருஷன் மாஸ்கோவுல இன்னொருத்தி வீட்டுக்கு விளக்கு மாட்டிக்கிட்டிருக்கான். கேபிள் இருக்கா, இல்லியா?" என்று பழைய கேபிளை அவன் மேசையில் போட்டாள். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். அவன் புதுக் கேபிளை எடுத்துக் கொடுத்தான்.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை, ஏறத்தாழ நாற்பதாவது உதையில் வண்டி உயிர் பெற்றது. நீலப் புகை முற்றத்தை மூடியது. கோழிகள் வேலி தாண்டிப் பறந்தன. அக்ஸேனியா அதை அணைக்கப் பயந்து, அப்படியே ஏறி உட்கார்ந்து, கிளட்சை விட்டாள். வண்டி அவளைப் பூசணிக் குவியலுக்குள் கொண்டுபோய்ச் சாய்த்தது. முழங்கால் கிழிந்தது. பூசணிச் சதையைத் தட்டிவிட்டு எழுந்து, மறுபடியும் உதைத்தாள்.

ஓட்ட வந்தது, வண்டிதான் வரவில்லை. சரியாக இரண்டு கிலோமீட்டர் போனதும் இருமி இருமி நின்றுவிடும். கால்மணி நேரம் கழித்துக் கிளப்பினால் கிளம்பும். மறுபடியும் நின்றுவிடும். தினமும் அதைத் தள்ளிக்கொண்டே பம்ஃபில் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வரவேண்டும். அவன் வாசலில் நின்று சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருப்பான்.

"சூடானா நிக்குதுன்னா பிஸ்டன்தான். நான் அன்னைக்கே சொன்னேன்."

"சொன்னீங்க."

"இரும்புக்குப் போடு."

"உங்களுக்கு ஏன் இவ்வளவு அவசரம்?"

பிளக்கை மாற்றினாள். கார்புரேட்டரை மூன்று தடவை கழுவினாள். பெட்ரோலை வடிகட்டினாள். ஒரு நாள் மலைச்சாலையில் வாதுமை மரத்தடியில் வண்டி நின்றபோது முதல் தடவையாக அவளுக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது. "என்னதான்டி வேணும் உனக்கு?" என்று வண்டியிடம் கத்தினாள். பெட்ரோலாவது இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தது.

கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். மூடியைத் தளர்வாக வைத்து உதைத்தாள். ஒரே உதையில் கிளம்பியது. இரண்டு கிலோமீட்டர் போனாள், நிற்கவில்லை. மூன்று, நான்கு. மேட்டு ஸ்டுபேனியின் முதல் வேலி வரைக்கும் போய்விட்டாள்.

விஷயம் இதுதான். பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். அதற்காக மூடியில் கடுகளவு ஓட்டை ஒன்று உண்டு. செவஸ்தியான் பெயிண்ட் அடித்தபோது அந்த ஓட்டையையும் சேர்த்து அடைத்திருந்தான். காற்றில்லாமல் பெட்ரோல் இறங்காமல் நின்றுபோனது. அவ்வளவுதான். பிஸ்டன் கல் மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து தையல் ஊசியைச் சூடாக்கி ஓட்டையைக் குத்தித் திறந்தாள்.

மறுநாள் பம்ஃபில் கடை முன்னால் வேண்டுமென்றே மூன்று தடவை போய் வந்தாள். மூன்றாவது தடவை அவன் நடுத்தெருவுக்கே வந்து கையைக் காட்டி நிறுத்தினான்.

"என்ன பண்ணின?"

"ஊசி போட்டேன் டாக்டர்" என்றாள்.

லைசென்ஸ் பரீட்சையில் இருபத்தோரு ஆண்களும் அவளும். எட்டுப் போடும்போது காலை ஊன்றிவிட்டாள். தேர்வாளர் காகிதத்தில் கோடு கிழித்தார். "அம்மா, வீட்டுக்குப் போய்க் களி கிண்டுங்க."

"காலைலயே கிண்டிட்டுத்தான் வந்தேன் சார். அடுத்த தேதி எப்பன்னு எழுதிக் குடுங்க."

அடுத்த தேதியில் கால் ஊன்றவில்லை. அக்டோபர் கடைசியில் லைசென்சும் கையில் இருந்தது, வண்டிக்கு நம்பரும் வந்துவிட்டது. ஆனால் மேடத்தின் முடிவு மாறவில்லை; நவம்பர் பட்டியல் வந்தது. மேட்டு ஸ்டுபேனி அதில் இல்லவே இல்லை. பட்டியலில் இல்லாத ஊருக்கு அவள் திங்கள், புதன், வெள்ளி போய்க்கொண்டுதான் இருந்தாள்.

நவம்பர் முதல் வாரம் இரண்டு நாள் விடாத மழை. கீழ்க் கிராமத்தில் ஒரு பெரியவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. மேட்டு ஸ்டுபேனியிலிருந்து ஹரித்தினா. எண்பத்தொரு வயது, அந்த மூன்று பேரில் மூத்தவள்.

"ஏண்டி, இனிமே நீ வரமாட்டியாமே? டவுன்லேருந்து மேடம் வேனோட வந்துக்கிட்டிருக்காங்களாம். போன்ல சொன்னாங்க. கையெழுத்துப் போடத் தயாரா இருக்கணுமாம்."

"யாரு சொன்னா வரமாட்டேன்னு?"

"அவங்கதான்."

"பெரியம்மா, நான் வர்ற வரைக்கும் பேனாவத் தொடாதீங்க."

வேன் தார்ச்சாலை வழியாகப் பக்கத்து ஊரைச் சுற்றித்தான் வரமுடியும். அவளுக்குத் திராட்சைத் தோட்டத்து மண்பாதை இருந்தது. மண் என்று சொல்வது மரியாதைக்கு. மழை பெய்தால் அது பசை. பாதி வழியில் முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் களிமண் அடைத்துச் சக்கரம் சுற்றாமல் நின்றது. குச்சியால் சுரண்டினாள். நூறு மீட்டரில் மறுபடியும் அடைத்தது. சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பானரை எடுத்து, மழையில் மண்டியிட்டு, மட்கார்டையே கழற்றினாள். அதைத் திராட்சைப் பந்தல் கம்பியில் மாட்டிவிட்டுப் புறப்பட்டாள். அதற்குப் பிறகு சேறு முழுவதும் நேராக அவள் முகத்துக்கு வந்தது.

ஹரித்தினா வீட்டு வாசலில் வேன் நின்றிருந்தது. உள்ளே அடுப்பருகே மேடம், மேசையில் காகிதங்கள். ஒற்றைக்கால் கலிஸ்த்ராத் ஊன்றுகோலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், கையில் பேனா. காது கேட்காத மெலானியா சுவரோரம். ஹரித்தினா இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றாள்.

அக்ஸேனியா உள்ளே வந்தாள். கண்ணும் பல்லும் தவிர மற்றதெல்லாம் சேறு. கோட்டுக்குள்ளிருந்து ரொட்டிகளையும் மாத்திரை டப்பாவையும் எடுத்து மேசையில், காகிதங்களின் மேலேயே வைத்தாள்.

"யாரும் வரமாட்டாங்கன்னு இவங்ககிட்டச் சொன்னது யாரு?"

மேடம் எழுந்தார். "அக்ஸேனியா, இது முடிவான விஷயம்."

"அவங்க கையெழுத்துப் போட்டாத்தானே முடிவு? பெரியப்பா, இப்ப வந்திருக்கேன். வெள்ளிக்கிழமை வருவேன், திங்கக்கிழமையும் வருவேன். உங்களுக்குப் போகணும்னா போங்க, நானே துணி மடிச்சுத் தர்றேன். போகணுமா?"

கலிஸ்த்ராத் பேனாவைப் பார்த்தார். "ஒரு கால ஆஸ்பத்திரிக்குக் குடுத்துட்டேன். மிச்சத்த இந்த வீட்டுலயே வச்சுக்கறேன்" என்று பேனாவை மேடத்திடம் நீட்டினார். ஹரித்தினா தன் காகிதத்தை எடுத்து, நான்காக மடித்து, அடுப்புக் கதவைத் திறந்து உள்ளே போட்டாள்.

மெலானியாவின் காதருகே குனிந்து அதே கேள்வியை அக்ஸேனியா கத்திக் கேட்டாள். மெலானியா அவள் சேற்றுக் கன்னத்தைத் தடவினாள்.

"நான் போறேன் பொண்ணே. கோவிச்சுக்காத. காது கேக்காட்டியும் அங்க நாலு பேர் மூஞ்சியாவது பாக்கலாம்ல. இங்க நீ வராத நாலு நாளும் சுவத்தப் பாத்துக்கிட்டிருக்கேன்."

அக்ஸேனியாவுக்கு அது நெஞ்சில் தைத்தது. மூன்று பேருக்காகவும் சண்டை போட வந்தவள். மூன்று பேரையும் அதற்கு முன்னால் ஒரு தடவைகூடத் தனித்தனியாக அவளும் கேட்டிருக்கவில்லை. மெலானியாவின் வீட்டுக்குப் போய் மூட்டை கட்டினாள். தலையணையையும் வைத்தாள். வேனில் ஏற்றிக் கம்பளியைப் போர்த்தினாள்.

மேடம் ஏறும்முன் திரும்பினார். "பனி விழுந்தா என்ன பண்ணுவ?"

"விழட்டும். அது அதோட வேலையப் பாக்கும், நான் என் வேலையப் பாக்கறேன்."

பனி விழுந்தது. வழுக்காமலிருக்கப் பின்சக்கரத்தில் கயிற்றைச் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஓட்டினாள். டிசம்பரில் மூன்று தடவை விழுந்தாள். மூன்றாவது தடவை இடது மணிக்கட்டில் விரிசல். கட்டுப் போட்ட கையால் கிளட்சைப் பிடிக்க முடியாமல் இரண்டு வாரம் நடந்தே போனாள். நிக்கானோர் ஒரு காலை குதிரை வண்டியோடு வந்து வாசலில் நின்றான். "ஏறு. ஊர் என்ன வேணா பேசட்டும்" என்றான். அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏறினாள்.

கலிஸ்த்ராத் பிப்ரவரியில் இறந்தார். தன் கட்டிலில், அக்ஸேனியா விரிப்பு மாற்றிவிட்டுப் போன அன்று மத்தியானம். ஹரித்தினாதான் அவருடைய கண் இமைகளை மூடினாள். சவ ஊர்வலத்தில் சிலுவைக்குப் பின்னால் அக்ஸேனியா நடந்தாள். பம்ஃபிலும் வந்திருந்தான். திரும்பும்போது பக்கத்தில் வந்து, "உன் வண்டில செயின் தொங்குது, பாத்தியா? என்கிட்ட ஒண்ணு கிடக்கு" என்றான். பிஸ்டனைப் பற்றி இருவரும் பேசவில்லை.

மார்ச்சில் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பணிக்காகச் சொந்த மோட்டார் வாகனம் பயன்படுத்த அனுமதியில்லை. பட்டியலில் இல்லாத இடத்துக்குச் செல்வது விதிமீறல். அக்ஸேனியா அதை இரண்டு தடவை படித்தாள். புதுத் தாள் வீணாக்குவானேன் என்று அதன் பின்பக்கத்திலேயே பதில் எழுதினாள்:

"திங்கள், புதன், வெள்ளி காலை ஒன்பது மணிக்கு மேட்டு ஸ்டுபேனியில் ஹரித்தினா அம்மாள் வீட்டில் இருப்பேன். தடுக்க வேண்டுமானால் அங்கே வரவும். வரும்போது ரொட்டி வாங்கி வரவும், எனக்கு ஒரு சுமை குறையும்."

தபாலில் போட்டுவிட்டு, கையெழுத்துக்குக் கீழே வண்டி நம்பரை எழுத மறந்துவிட்டோமே என்றுதான் கவலைப்பட்டாள்.

யாரும் வரவில்லை. பதிலும் வரவில்லை. ஈஸ்டருக்கு அடுத்த வாரம் புதுப் பட்டியல் வந்தது. ஏழாவது வரியில் ஹரித்தினாவின் பெயரும் ஊரும் தட்டச்சாகியிருந்தன, எந்த விளக்கமும் இல்லாமல். மேடத்துக்கு நன்றி சொல்லி ஒரு வரி எழுதச் சொன்னான் நிக்கானோர்.

"எதுக்கு? என்ன குடுத்தாங்க?" என்றாள் அக்ஸேனியா, ரொட்டிப் பையை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டே. "ஏற்கெனவே போயிட்டிருக்கற ஊருக்குப் போகலாம்னு சொல்லியிருக்காங்க. அவ்வளவுதானே?"

முதல் உதையிலேயே வண்டி கிளம்பியது. புதன்கிழமை. நேரமாகிக்கொண்டிருந்தது.